ஒண்ணு, மூணு, நாலு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாயாடித் தங்கை எழுதுவது. நான் இங்கே சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது, மற்றதெல்லாம் அப்புறம். போனில் கேட்டால் "எனக்கென்னடி, கல்லு மாதிரி இருக்கேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு எனக்குப் புத்திமதி சொல்ல ஆரம்பித்துவிடுவாய். கடிதம் என்றால் உன்னால் குறுக்கே பேச முடியாது பார். அதற்காகவே மெனக்கெட்டு தபால் தலை வாங்கி எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் லீவு விட்டாயிற்று. நாங்கள் நாலு பேரும் வெளியூர் கிளம்புகிறோம். நான், அவர், பெரியவள், சின்னவன். முதலில் மலை, அங்கிருந்து கடல், அப்புறம் வீடு. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியும் பிள்ளைகளோடு சேர்ந்தாற்போல் நாலு நாள் நான் ஒரே கூரையின் கீழ் இருந்ததில்லை. அவர்களுடைய அம்மா தவறியதிலிருந்து இரண்டு பேரும் அத்தை வீட்டிலிருந்துதான் படிக்கிறார்கள். அத்தை என்றால் அவருடைய அக்கா. அவளுக்குப் பிள்ளைகள் மேல் உயிர். என் மேல்தான் கொஞ்சம் கஞ்சத்தனம்.

இந்த லீவு முடிவதற்குள் ஒரு முடிவு தெரிந்தாக வேண்டும். பிள்ளைகள் இனி எங்கிருந்து படிப்பது? அத்தை வீடா, எங்கள் வீடா? அந்த முடிவை அவர் பெரியவளிடமே விட்டுவிட்டார். "நீ சொல்றதுதாம்மா. நீ இருக்கற எடத்துலதான் தம்பியும் இருப்பான்" என்று பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார்! எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கத்திரிக்கோலை மேஜைமேல் போட்டேன். அவர் லிஃப்ட் மெக்கானிக் அல்லவா, யார் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் பெட்டி சரியான மாடியில் போய் நின்றுவிடும் என்று ஒரு நம்பிக்கை. ஆனால் ஆற அமர யோசித்துப் பார்த்தால் அவர் செய்ததுதான் சரி. வலுக்கட்டாயமாகக் கூட்டிவந்தால் பெட்டி படுக்கைதான் வரும், பிள்ளை வராது.

பெரியவளுக்கு மனசுக்குள் நான் வைத்திருக்கும் பெயர் நீதிபதி. அவள் என்னை எதிர்த்துப் பேசியதே இல்லை. மரியாதை என்றால் அப்படியொரு மரியாதை. தண்ணீர் வேண்டுமா என்றால் "இல்லங்க, பரவால்ல." சாப்பிட்டாயா என்றால் "ஆச்சுங்க." பேங்க் கவுன்ட்டரில் நின்று பேசுகிற மாதிரி இருக்கும். என்னைக் கூப்பிட அவளிடம் ஒரு சொல்லும் கிடையாது. சின்னவனுக்கு எட்டு வயசு, வாலில்லாத குறைதான். அவன் "ஆன்ட்டி" என்று தொடங்குவான், அக்கா முகத்தைப் பார்ப்பான், பாதியை விழுங்கிவிடுவான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன மாதம் ஒருநாள் நாலு பேரும் பொருட்காட்சிக்குப் போனோம். பஸ்ஸில் ஏறியதும் அவர் "ஒண்ணு" என்றார். ஒரு மூச்சு விடுகிற நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பெரியவள் "மூணு" என்றாள். சின்னவன் "நாலு" என்றான். "சரி, போலாம்" என்று அவர் முடித்தார். நான் பேந்தப் பேந்த விழித்தேன். அங்கே போய் அவரிடம் தனியாகக் கேட்டேன். அவர்களுடைய அம்மா ஏற்படுத்திய பழக்கமாம். இவர் வழியில் ஒரு லிஃப்டைக் கண்டால் அங்கேயே நின்றுவிடுகிற மனுஷன், பிள்ளைகளை எங்கேயாவது தொலைத்துவிடுவார் என்று பயந்து, எந்த வண்டியில் ஏறினாலும் எல்லோரும் வரிசையாக நம்பர் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டாளாம். அவர் ஒன்று. அவள் இரண்டு. அவள் போன பிறகும் இவர்கள் எண்ணுவதை விடவில்லை. இரண்டை மட்டும் யாரும் சொல்வதில்லை. அந்த இடத்தில் ஒரு மூச்சு நின்று, அப்புறம் மூன்றுக்குப் போகிறார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மறுபடி எண்ணினார்கள். அக்கா, என் வாய் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். அந்த ஒரு மூச்சில் "ரெண்டு" என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பெரியவள் என்னைப் பார்த்தாள். முறைக்கக்கூட இல்லை, சும்மா பார்த்தாள். அப்படியே விழுங்கிவிட்டேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்தப் பிள்ளைகள் என் வீட்டுக்கு வர வேண்டும். அவருக்காக இல்லை, ஊர் மெச்ச இல்லை, எனக்கு வேண்டும். நாள் முழுக்க யார் யார் பிள்ளைகளுக்கோ யூனிஃபார்ம் தைக்கிறேன். நீ அங்கே வேலை பார்க்கும் இடத்தில் யாருடைய வயசான அப்பா அம்மாவையோ குளிப்பாட்டிச் சோறூட்டுகிறாய். நம் இரண்டு பேர் ஜாதகமும் ஒரே மாதிரிதான் போல. மருந்தை வேளாவேளைக்குத் தேய்த்துக்கொள்.

இப்படிக்கு,
நீ திட்டினாலும் திருந்தாத தங்கை.

*

அன்புள்ள அக்காவுக்கு,

கடற்கரை ஊரிலிருந்து எழுதுகிறேன். அலைச் சத்தத்தில் சின்னவன் குரலே கேட்கவில்லை என்றால் பார்த்துக்கொள். மூவரும் மணலில் இருக்கிறார்கள். நான் லாட்ஜ் வராந்தாவில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். "ரெண்டுன்னு சத்தமா சொல்லிட்டு ஏறுடி, யாரு கேக்கப் போறா? நீயும் அந்த வீட்டுக்காரிதானே!" என்று ஒரு போடு போட்டிருந்தாய். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. ஆனால் நீ சொன்னபடி செய்யவில்லை. ஏன் என்று கடைசியில் உனக்கே தெரியும், முன்னாலேயே போய்ப் படிக்காதே.

மலையில் ஒரே மழை. மூன்று நாளும் மேகம்தான் பார்த்தோம், மலையைப் பார்த்ததாக யாரும் சாட்சி சொல்ல முடியாது. லாட்ஜில் நுழைந்ததும் எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினால், இவர் லிஃப்ட் கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறார். "உள்ள ஏதோ உரசுது" என்று மானேஜரிடம் புகார் வேறு. பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே குரலில் "அப்பா, லீவு!" என்று கத்தினார்கள். அன்றைக்கு முதன்முதலாக மூன்று பேரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். நான் சிரித்ததும் பெரியவள் நிறுத்திக்கொண்டாள்.

அவள் தன் பையைக் கதவோரம் வைத்திருந்தாள். அதிலிருந்து வேண்டியதை எடுப்பாள், மடித்துத் திரும்ப உள்ளே வைப்பாள். அலமாரியில் ஒரு துணிகூட வைக்கவில்லை. இரண்டாம் நாள் அவள் பாவாடையின் கீழ் மடிப்பு பிரிந்து தொங்கியது. எனக்குத் தெரிந்த ஒரே மொழி அதுதானே, உடனே ஊசி நூலோடு எழுந்தேன். "பரவால்லங்க" என்று சொல்லிவிட்டு ஒரு ஊக்கை எடுத்துக் குத்திக்கொண்டாள். ஒரு தையல்காரி கண்ணெதிரே ஊக்கு! அதைப் பார்த்துக்கொண்டே மலையைச் சுற்றினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடு, குழந்தைதானே" என்றார். குழந்தை என்பதால்தானே இவ்வளவு பாடு என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

இனிமேல்தான் விஷயம். மலையிலிருந்து இறங்கிவரும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு சின்னவனுக்குக் குமட்டியது. பாதி வழியில் சட்டை பூராவும் வாந்தி எடுத்துவிட்டான். நான் தைத்துக் கொடுத்த மஞ்சள் சட்டை. பாவம், அதையே துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொள்கிறவன். நல்லவேளை, கொஞ்சத் தூரத்தில் ஒரு டீக்கடையில் பஸ் நின்றது. அவனுக்கு வாய் கொப்பளிக்க வைத்து, பனியனோடு அக்கா மடியில் படுக்க வைத்து, "சட்டைய அலசிட்டு வரேன்" என்று அவனிடம் சொல்லிவிட்டு, கைப்பையை சீட்டிலேயே வைத்துவிட்டு, கடைக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குப் போனேன். அவன் அரைத் தூக்கத்தில் இருந்தான் என்பதை நான் கவனிக்கவில்லை. பெரியவள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். அவரோ முன்னால் டிரைவரிடம் பஸ் கதவு எப்படித் தானாகத் திறக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

கறை என்றால் எனக்குப் பிடிவாதம், தெரியுமே. காலர் மடிப்பைத் தேய் தேய் என்று தேய்த்தேன். பிழிந்து உதறிக்கொண்டு முன்பக்கம் வந்தால் பஸ்ஸைக் காணோம். தூசிதான் இருந்தது.

முதலில் பயம் வரவில்லை அக்கா. பஸ்ஸுக்குள் என்ன நடந்திருக்கும் என்பது அப்படியே கண்ணில் தெரிந்தது. அவர் "ஒண்ணு" என்றிருப்பார். ஒரு மூச்சு. மூணு, நாலு. சரி, போலாம். ஒருத்தரும் தப்புச் செய்யவில்லை, கணக்கு சரியாக இருந்திருக்கிறது. அதில் நான் சேர்த்தியே இல்லை, அப்புறம் எப்படிக் குறைவேன்? கையில் ஈரச் சட்டையை வைத்துக்கொண்டு நடுரோட்டில் நின்று ஓவென்று அழுதேன். நாற்பது வயதில் இப்படியா என்று நீ கேட்பாய். வந்தது, அழுதேன்.

டீக்கடை அம்மாள் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தாள். போன் செய்யச் சொல்லித் தன் போனைக் கொடுத்தாள். பையோடு போன என் போன் காலையிலேயே சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது, அவர் நம்பரோ எனக்கு மனப்பாடமாகத் தெரியாது. தலைகீழாக ஞாபகம் இருந்தது உன் பழைய நம்பர் ஒன்றுதான், அதையும் நீ மாற்றித் தொலைத்தாய். "அழாதம்மா, வண்டி திரும்பி வரும். போன வாரம் ஒருத்தர் மாமியாரையே விட்டுட்டுப் போயிட்டாரு. என்ன, அவரு திரும்பி வரத்தான் ரொம்ப நேரமாச்சு" என்றாள். அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டேன். டீயும் கொடுத்தாள். அதில் பாதி குடித்திருப்பேன், கீழே வளைவில் ஹாரன் சத்தம் கேட்டது.

பஸ் சரியாக நிற்கக்கூட இல்லை, பெரியவள் குதித்து இறங்கினாள். நேரே என்னிடம் வந்தாள். "எங்க போனீங்க நீங்க? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா கொறஞ்சா போயிடுவீங்க? சட்டைதான் முக்கியமா? நாங்க எங்கன்னு தேடறது?" என்று பிடிபிடியென்று பிடித்தாள். முகமெல்லாம் சிவந்து கண்ணில் தண்ணீர். என் கையிலிருந்த சட்டையைப் பிடுங்கி, "ஒழுங்காப் பிழியக்கூட இல்ல" என்று அதையும் ஒரு முறுக்கு முறுக்கினாள். ஒரு வருஷமாக நான் இந்தத் திட்டுக்குத்தான் காத்துக்கிடந்தேன் போலிருக்கிறது. இல்லங்க, பரவால்லங்க என்று கேட்டுக் கேட்டுக் காய்ந்து கிடந்த காதில் அது தேன் வார்த்த மாதிரி இருந்தது.

நடந்ததைச் சின்னவன்தான் அப்புறம் சொன்னான். அவன் தூக்கத்திலிருந்து எழுந்து "என் சட்டை எங்க?" என்று கேட்டிருக்கிறான். பெரியவள் திரும்பிப் பார்த்தால் சீட்டில் என் பை மட்டும் இருக்கிறது. உடனே எழுந்து பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கத்தியிருக்கிறாள். கண்டக்டர் "யாரும்மா வரல? யாரு உனக்கு?" என்று கேட்டிருக்கிறார். ஒரு நிமிஷம் திணறிவிட்டு, "எங்க வீட்டு ஆளு. எங்க வீட்டு ஆள விட்டுட்டு வந்துட்டோம்" என்றாளாம். அவ்வளவு பெரிய பஸ்ஸை அந்த மலைப் பாதையில் திருப்ப இடம் தேடுவதற்குள் டிரைவருக்கு வியர்த்துவிட்டதாம். இதைச் சின்னவன் என் காதோரம் சொன்னதும் அவன் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். செய்த காரியத்துக்கு மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தால், "எண்ணினேனே... சரியா இருந்துச்சே..." என்று மென்று முழுங்குகிறார். பின் சீட்டுப் பெரியவர் ஒருவர், "பொண்டாட்டிய எண்ணாத கணக்கு என்னய்யா கணக்கு?" என்றதும் பஸ்ஸே சிரித்தது. நானும் அவரைச் சும்மா விடவில்லை. வாங்க வேண்டியதை லாட்ஜுக்கு வந்ததும் வட்டியோடு வாங்கிக்கொண்டார்.

எல்லோரும் உட்கார்ந்தோம். கிளம்புவதற்கு முன்னால் அவர் மறுபடி எண்ண வேண்டும் அல்லவா? "ஒண்ணு" என்றார். ஒரு மூச்சு. என்னைப் பார்த்துக் கண்ணால் ஜாடை காட்டினார், சொல்லு சொல்லு என்று. பஸ்ஸில் எல்லோரும் என் வாயையே பார்க்கிறார்கள். பெரியவள் குனிந்துகொண்டு அந்த ஈரச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையை ஆட்டி மாட்டேன் என்றேன். அப்புறம் அவள் "மூணு" என்றாள். "நாலு" என்றான் சின்னவன். அவர் "சரி, போ" என்று வாயெடுத்தார்.

"இருங்கப்பா" என்றாள் பெரியவள். என் பக்கம் திரும்பி, "அஞ்சு?" என்றாள்.

எனக்கு மண்டையில் ஏறவில்லை. சின்னவன் முழங்கையால் என் விலாவில் ஒரு இடி இடித்து, "உங்களத்தான். அஞ்சு சொல்லுங்க!" என்றான்.

சொன்னேன் அக்கா. வாழ்நாளில் எவ்வளவோ பேசியிருக்கிறேன், அந்த ஒரு வார்த்தைக்கு எதுவும் ஈடாகாது. கண்டக்டர், "முடிஞ்சுதா? இல்ல இன்னும் ஆறு ஏழு இருக்கா?" என்று கேட்டுவிட்டு ரைட் கொடுத்தார்.

இப்போது புரிகிறதா, உன் பேச்சைக் கேட்காதது எவ்வளவு நல்லது என்று? ரெண்டு என்று நான் கத்தியிருந்தால் அன்றைக்கு டீக்கடையில் நின்றிருக்க மாட்டேன், வாஸ்தவம்தான். ஆனால் அது பிள்ளைகளின் அம்மாவுடைய நம்பர். அதில் போய் நான் உட்கார்ந்திருந்தால் அந்தப் பெண் ஒவ்வொரு தடவையும் குனிந்துகொண்டுதான் மூணு சொல்லியிருப்பாள். அஞ்சு எனக்கென்றே அவள் போட்டது.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் இந்த லாட்ஜில் அவள் பை கட்டிலுக்கடியில் காலியாகக் கிடக்கிறது. துணியெல்லாம் அலமாரியில், என் துணிக்குப் பக்கத்துத் தட்டில். எழுதி முடிப்பதற்குள் மணலும் ஈரமுமாக மூன்று பேரும் வந்துகொண்டிருக்கிறார்கள். நீ மனசார எங்களுக்காக ஒரு நல்ல வார்த்தை நினைத்துக்கொள்.

இப்படிக்கு,
பஸ்ஸைத் தவறவிட்டும் வந்து சேர்ந்த உன் தங்கை.

*

அன்புள்ள அக்காவுக்கு,

வீடு வந்து சேர்ந்தோம். சின்னவன் கடலிலிருந்து கொண்டுவந்த கிளிஞ்சல்கள் என் தையல் மெஷின் டிராயரில் பாபினோடு கலந்து கிடக்கின்றன.

வந்ததும் பிள்ளைகள் அத்தை வீட்டுக்குப் போய்விட்டார்கள். பெரியவள் ஒன்றும் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம்தான் இருந்தது. அவர் வேலைக்குப் போய் வருவார், நான் கேட்க மாட்டேன், அவரும் சொல்ல மாட்டார். அத்தை வீட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு நீல யூனிஃபார்ம். எங்கள் தெருக்கோடிப் பள்ளிக்கூடத்துக்குப் பச்சைக் கட்டம், அதை நான்தான் தைக்கிறேன். சீசன் ஆனதால் முன்னறை முழுக்கப் பச்சைக் கட்டம் மலையாகக் குவிந்திருந்தது. தைக்கத் தைக்க வயிற்றெரிச்சலாக இருந்தது, பொய் சொல்லவில்லை.

நேற்று மத்தியானம் வாசலில் நிழல் தட்டியது. அவர், பெரியவள், சின்னவன். பெரியவள் உள்ளே வந்தாள். வெட்டி வைத்திருந்த துணியில் ஒன்றை எடுத்துத் தன்மேல் வைத்துப் பார்த்தாள். "எனக்கும் அளவெடுங்க" என்றாள்.

நான் ஒரு மக்கு, எதற்கு என்று கேட்டேன். "ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள வேணும்ல?" என்றாள். சின்னவன் பின்னாலிருந்து, "எனக்கு ட்ரவுசர் வேணாம், பேன்ட்டு!" என்று குதித்தான். அவர் வாசலிலேயே நின்றுகொண்டு கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

டேப்பை எடுத்தேன். மூன்று தடவை அளந்தேன், மூன்று அளவு வந்தது. பெரியவள் பொறுமையாகக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். பாவாடை நீளத்துக்கு நான் குனிந்தபோது, "கீழ மடிப்பு நெறைய விடுங்க. நான் வளந்துருவேன். நாலு வருஷம் போடணும்" என்றாள். அவள் எட்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள் அக்கா. நாலு வருஷம் என்றால் பள்ளிப் படிப்பு முடிகிறவரைக்கும். நான் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. தரையில் சொட்டியதை அவள் பார்த்திருப்பாள். அப்புறம் தன் பையிலிருந்து அந்தப் பழைய பாவாடையை எடுத்து, ஊக்கைக் கழற்றி என் கையில் கொடுத்து, "இதையும்" என்றாள்.

அத்தைதான் அழுதாளாம். அந்த வீடு வெறிச்சென்று ஆகிவிடுமே, எனக்கே பாவமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பிள்ளைகளை அனுப்புகிறேன், நானும் வருகிறேன் என்று போன் செய்து சொன்னேன். "நீ வந்தா சேர்ந்தே சமைக்கலாம்" என்றாள். கஞ்சத்தனம் கொஞ்சம் விட்டிருக்கிறது.

இன்று காலை சைக்கிளுக்குக் காற்றடிக்கத் தெருமுனைக்குப் போகக்கூட எண்ணிவிட்டுத்தான் கிளம்பினார்கள். ஒண்ணு. அப்புறம் அந்த ஒரு மூச்சு. முன்பெல்லாம் அந்த இடத்தில் என் நாக்கு துடிக்கும். இப்போது நானும் அவர்களோடு சேர்ந்து சும்மா நிற்கிறேன். அவளும் ஏறிக்கொள்ளட்டும் என்று தோன்றுகிறது.

அக்கா, நீ ஊருக்கு வந்து ஏழு வருஷம் ஆகிறது. என் கல்யாணத்துக்கும் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றாய், நானும் நம்பிய மாதிரி இருந்துவிட்டேன். என் மேல் கோபமா, இல்லை, நான் இன்னொருத்தி வீட்டில் போய் நிற்பதைப் பார்க்க உனக்கு மனசு வரவில்லையா என்று இப்போதும் கேட்கப்போவதில்லை. அந்தக் கண்டக்டர் கேட்டதைச் சின்னவன் பிடித்துக்கொண்டான். ஆறு யாரு, ஆறு யாரு என்று நச்சரிக்கிறான். எனக்கொரு அக்கா இருக்கிறாள், உங்களுக்குப் பெரியம்மா என்று சொல்லிவைத்திருக்கிறேன். முழங்காலுக்கு நம் வீட்டில் ஏற மாடி கிடையாது. அப்படியே இருந்தாலும் லிஃப்ட் போட ஆள் இருக்கிறார்.

ஒன்று மட்டும். ஏறும்போது வரிசை தெரியாமல் ரெண்டைச் சொல்லிவிடாதே. ஆறு காலியாகத்தான் இருக்கிறது. யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். வந்துவிடு, அக்கா.

இப்படிக்கு,
அஞ்சு.